இல்லாத ஏசிகளின் தெரு

போன வாரம் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போன தம்பி இன்னும் வந்து அந்தக் கதவைத் தட்டவில்லை. தட்டுவான் என்று எதிர்பார்த்தவர்களுக்கு அவன் இன்னும் சரியாகப் பிடிபடவில்லை என்று அர்த்தம். அக்காவும் லேசுப்பட்டவள் இல்லை. "அவனா வரட்டும்" என்று இருக்கிறாள். ஒரே வயிற்றில் பிறந்த பிடிவாதம் இரண்டு வீட்டில் தனித்தனியாக உட்கார்ந்திருக்கிறது.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக நடந்ததைச் சுருக்கிச் சொல்கிறேன். ஊருக்குக் கரண்ட் கொடுக்கும் நிறுவனத்தில் அக்கா கட்டணப் பிரிவில் இருக்கிறாள். யூனிட்டுக்கு என்ன விலை, மாதாமாதம் நிலையாக என்ன கட்டணம் என்று கணக்குப் போட்டு வரைவு எழுதுவது அவள் வேலை. தம்பி வீட்டு மாடிகளில் சோலார் பேனல் மாட்டுகிறவன். வண்டியின் தலையில் எப்போதும் ஏணி கிடப்பதால் தெருவில் அவனுக்கு ஏணி என்றே பெயர். "பேனல் வையுங்க, அப்புறம் பில்லே வராது" என்று சொல்லிச் சொல்லியே பாதி ஊர் மாடியை நிரப்பியவன். அக்கா எழுதிய புது வரைவு வெளியானதும் அந்த வாக்கில் மண் விழுந்தது.

"மாமாவோட அடுப்பு எரியணும்னு என் பொழப்புல தண்ணி ஊத்திட்ட" என்று கத்திவிட்டுத்தான் அவன் போனான்.

மாமா என்றால் அக்காவின் கணவர். பேக்கரி வைத்திருக்கிறார். வாடகைக் கட்டடத்தின் கீழ்த்தளம். மேலே நாலு குடித்தனம். பேனல் வைக்க அவருக்கு ஒரு சாண் மாடி கிடையாது. அவருடைய மின்சார அடுப்புக்கு வரும் பில், அவருடைய ரொட்டியைவிட நன்றாக உப்பி வருகிறது. அக்காவின் வரைவு நிறைவேறினால் அது கொஞ்சம் இறங்கும். அதனால்தான் தம்பியின் வார்த்தை அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

இன்று மத்தியானம் பொது விசாரணை. வரைவை வைத்துக்கொண்டு, மின்கட்டணத்தை முடிவு செய்யும் ஆணையம் உட்காரும். அக்கா மேடையில் விளக்க வேண்டும். எதிர்ப்பவர்கள் கீழே இருந்து கேட்பார்கள். கீழே முதல் ஆளாகப் பெயர் கொடுத்திருப்பவன் தம்பி.

காலையில் கணவர் பேக்கரியிலிருந்து நேராக வந்தார். முழங்கை வரை மாவு. மேசையில் ரொட்டியை வைத்து அறுக்க ஆரம்பித்தார்.

"கடைக்கு வர்றவங்க எல்லாம், எழுதினது நீன்னு தெரியாமயே, உன் வரைவைப் பத்தி என்கிட்ட பேசறாங்க. நானும் எல்லாம் தெரிஞ்ச மாதிரி தலையாட்டிட்டிருக்கேன். எனக்குப் புரியற மாதிரி ஒரு தடவை சொல்லேன்."

"எத்தனை தடவை சொல்றது? நீங்க கேக்கறப்பவே தூங்கிடறீங்க."

"விடியறதுக்கு முன்னாடி எந்திரிக்கிறவன் வேற என்ன பண்ணுவான்? இப்போ முழிச்சிருக்கேன். சொல்லு."

அக்கா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "கடைக்கு வாடகை கட்டறீங்க. ஒரு நாள் ரொட்டி விக்கலன்னா அன்னிக்கு வாடகையைக் குறைச்சுக்கறாங்களா?"

"அந்த ஆளா? மூச்சு விடக்கூட வாடகை கேப்பாரு."

"கம்பி, கம்பம், டிரான்ஸ்பார்மர், மழையில வந்து ஃபியூஸ் போடற ஆளு, எல்லாம் அந்த வாடகை மாதிரிதான். யூனிட் வித்தாலும் விக்கலன்னாலும் செலவு செலவுதான். இத்தனை நாளும் அந்தச் செலவை யூனிட் விலைக்குள்ளயே மறைச்சு வச்சிருந்தோம். பேனல் வச்சவங்க பகல்ல யூனிட் வாங்கறதில்ல. மிச்சத்தை நம்ம கம்பெனிக்கே அனுப்பிட்டு, பில்லுல கழிச்சுக்கறாங்க. ஆனா பொழுது சாஞ்சதும் அதே கம்பியிலதான எடுக்கறாங்க? அவங்க கட்டாம விட்ட பங்கு யார் தலையில விழுது?"

"மாடி இல்லாதவன் தலையில. அதாவது என் தலையில."

"உங்க தலையில மட்டும் இல்ல. வாடகைக்கு இருக்கற அத்தனை பேர் தலையிலயும். அதனால கம்பிக்கான காசைத் தனியாப் பிரிச்சு நிலைக்கட்டணமா வச்சிருக்கேன். யூனிட் விலை இறங்கும். பகல்ல எல்லாரும் அனுப்பற கரண்டுக்குக் கொஞ்சம் கம்மி விலை."

"நிலைக்கட்டணம் எல்லாருக்கும் ஒண்ணா?"

"வீட்டோட லோடைப் பொறுத்து. ஒரு நேரத்துல அதிகமா எவ்வளவு இழுத்துக்கலாம்னு நம்மகிட்ட அனுமதி வாங்கியிருக்காங்களோ, அதுதான் லோடு. நிறைய இழுக்கற வீட்டுக்குக் கம்பி தடியா வேணும். அவங்க நிறையக் கட்டட்டும்."

கணவர் கத்தியை நிறுத்தினார். "கேக்கறதுக்கு நியாயமாத்தான் இருக்கு. அப்புறம் ஏன் தையல்காரம்மா இன்னிக்குக் கடைக்கு வந்து அழுதுட்டுப் போச்சு? பேனல் வைக்கறதுக்கு முன்னாடி கட்டினதைவிட இனிமே ஜாஸ்தி வருமாமே."

தையல்காரம்மா பக்கத்துத் தெருவில் தனியாக இருந்து துணி தைத்துப் பிழைக்கிறவர். தம்பியிடம் பேனல் வாங்கியவர்களில் முக்கியமானவர். அவரைப் பார்த்துத்தான் அந்தத் தெருவே வாங்கியது.

"அந்த வீட்டு லோடு எனக்குத் தெரியும்" என்றாள் அக்கா. "பேனல் வச்ச வீடுங்க முக்காவாசி லோடை ரெண்டு மடங்கு, மூணு மடங்கு ஏத்தியிருக்காங்க. காரணம் ஏசின்னு பதிவாகியிருக்கு. ஏசி போட வசதி இருக்கறவங்க இதைத் தாங்கிப்பாங்க."

"அந்தம்மா வீட்ல ஏசியா?"

"ஆமா."

"நான் அந்த வீட்டுக்குள்ள போயிருக்கேன். ஃபேனே ஒண்ணுதான். அதுவும் சுத்தற வேகத்துல நாமளே விசிறிக்கலாம்."

"அப்புறம் வாங்கியிருப்பாங்க."

"போன வாரம்தான் போனேன்."

அக்கா கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தாள். லோடு ஏறினால் வீட்டில் வசதி ஏறியிருக்கிறது என்று பொருள். வரைவின் நிலைக்கட்டணப் பகுதி மொத்தமும் அந்த ஒரு எண்ணத்தின் மேல்தான் நிற்கிறது. அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"ஆபீசுக்கா?"

"தையல்காரம்மா வீட்டுக்கு."

அந்தத் தெரு வழியாகத்தான் அவள் தினமும் பஸ் பிடிக்கப் போகிறாள். ஒரு நாளும் தலையை நிமிர்த்திப் பார்த்ததில்லை. படித்தவர்கள் எல்லாரும் இப்படித்தான் என்று அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள் எல்லாரும் இப்படித்தான்.

தையல்காரம்மா வாசலில் வந்து நின்றவளைப் பார்த்ததும் கழுத்தில் கிடந்த டேப்பை உருவிக்கொண்டார். "வாம்மா, உள்ள வா. சட்டையா, பாவாடையா? கையைத் தூக்கு."

"இல்லம்மா, நான் வந்தது..."

"கையைத் தூக்கு முதல்ல. பேசிக்கிட்டே எடுக்கலாம்."

அக்கா கையைத் தூக்கினாள். தோள், மார்பு, இடுப்பு என்று டேப் ஓட, அவள் கண் சுவர்களில் ஓடியது. ஜன்னலோரம் தையல் மிஷின். மூலையில் கட்டில். கயிற்றில் தைத்து முடித்த சட்டைகள். உத்தரத்தில் கணவர் சொன்ன அதே ஃபேன். நாலு சுவரிலும் ஏசி இல்லை. இன்னொரு அறைக்கும் வழி இல்லை, ஏனென்றால் இன்னொரு அறையே இல்லை.

"ஏசி எதுவும் போடலையாம்மா?"

தையல்காரம்மா டேப்பை விட்டுவிட்டுச் சிரித்தார். "ஏசியா? நல்லா கேட்ட போ. வேர்த்தா மாடியில தண்ணி தெளிச்சு விடுவேன். அதான் என் ஏசி."

"கரண்ட் கம்பெனில லோடு ஏத்தியிருக்கீங்களே?"

"அதெல்லாம் ஏணித் தம்பி பார்த்துக்கிச்சு. பேனல் பெருசா வைக்கணும்னா லோடு ஏத்தணுமாம். தங்கமான புள்ள. என்னை ஒரு ஆபீஸ் படி ஏற விடல." பிறகு அவர் முகம் சுருங்கியது. "இப்ப என்னமோ புதுசா கட்டணம் போடறாங்களாம். ஏசி ரூமுல உக்காந்து எவளோ எழுதினாளாம். அவ நல்லா இருக்கட்டும்."

அக்காவின் ஆபீஸில் ஏசி உண்டு. அது பல நாள் வேலை செய்யாது. ஆனாலும் அவளுக்குக் காது சுட்டது. குறித்துக்கொண்ட அளவு சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார் தையல்காரம்மா. சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

வெளியே வந்து, முதல் தடவையாகத் தெருவை நிமிர்ந்து பார்த்தாள். ஏசி வைத்த வீட்டுக்கு வெளிச் சுவரில் ஒரு பெட்டி இருந்தே தீரும். உள்ளே ஒளித்து வைக்கிற சாமான் இல்லை அது. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தாள். சுவருக்குச் சுவர் துணி காய்ந்தது, பூந்தொட்டி தொங்கியது. மாடிகளில் நீல நிறத்தில் பேனல்கள் வெயிலைக் குடித்துக்கொண்டிருந்தன. பெட்டி ஒன்றுகூட இல்லை.

அவளுடைய கணினியில் இந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு ஏசி ஓடிக்கொண்டிருக்கிறது.

தம்பியைத் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. ஏணி எங்கே சாய்ந்திருக்கிறதோ, அங்கே அவன் இருப்பான். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு வீட்டு மாடியில் பேனலுக்குத் தாங்குகால் முடுக்கிக்கொண்டிருந்தான். அக்கா ஏணியில் ஏறினாள். கீழே பார்க்காமல் ஏறி முடித்தாள்.

தம்பி பார்த்தான். கை கொடுக்க எழுந்தான். பிறகு கோபம் ஞாபகம் வந்து உட்கார்ந்துகொண்டான்.

"வாங்க மேடம். மாடியெல்லாம் பார்க்க வர மாட்டீங்களே."

"ஏசின்னு ஏன்டா போட்ட?"

அவன் கையிலிருந்த ஸ்பேனர் நின்றுவிட்டது. தெரியாதவன் மாதிரி நடிக்கக் கொஞ்சம் முயற்சி செய்தான். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு அது வராது.

"லோடு எவ்வளவோ அதுக்கு மேல பேனல் வைக்கக் கூடாதுன்னு உங்க விதி. சரி, லோடை ஏத்தலாம்னு போனா, எதுக்கு ஏத்தறன்னு உங்க மொபைல் ஆப்புல ஒரு கேள்வி. ஏசி, ஹீட்டர், மோட்டார். அவ்வளவுதான் இருக்கு. சோலாருக்குன்னு ஒரு இடமே இல்ல. கவுன்ட்டர்ல போய்க் கேட்டேன். எதையாவது போடுங்க சார்னாங்க. ஏசி முதல்ல இருந்துச்சு. அமுக்கினேன்."

"எல்லா வீட்டுக்குமா?"

"முதல் வீட்டுக்கு அப்படியே அனுமதி வந்துடுச்சு. அடுத்த வீட்டுக்கு மாத்துவானேன்னு அதையே போட்டேன். அதனால யாருக்கு என்ன நஷ்டம்னு நெனச்சேன். அப்போ லோடுக்குன்னு தனிக் கட்டணம் கிடையாது."

"இப்போ வரப்போகுது."

"வர வச்சதே நீதான?"

அக்கா கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தாள். அவனைத் திட்டத்தான் ஏறி வந்தாள். ஆனால் சோலாருக்கு இடம் வைக்காத மொபைல் ஆப் அவளுடைய நிறுவனத்தினுடையது. அதில் வந்த எண்ணை ஒரு வீட்டைக்கூட எட்டிப் பார்க்காமல் நம்பியவள் அவள்.

"அந்த எண்ணை வச்சுத்தான் நான் நிலைக்கட்டணம் போட்டேன்" என்றாள். "இந்த வீடுங்க எல்லாம் பணக்கார வீடு, சாயங்காலம் நிறைய இழுக்கற வீடுன்னு நெனச்சேன். ஒத்த ஃபேன் வீட்டுக்குப் பங்களா கட்டணம் போட்டு வச்சிருக்கேன்."

அவளைத் திட்டத் தம்பிக்கு இதைவிட நல்ல சமயம் கிடைக்காது. அவன் ஸ்பேனரை எடுத்துப் பைக்குள் போட்டான்.

"மத்தியானம் விசாரணையில இதைச் சொல்லப் போறேன்."

"எதை?"

"லோடு கணக்கு தப்புன்னு."

"ஏன் தப்புன்னு கேப்பாங்களே. பொய்த் தகவல் குடுத்தவன் யாருன்னு கேப்பாங்க. என் லைசென்ஸ் என்ன ஆகும்னு தெரியுமா உனக்கு? அக்கா, இதை விட்டா எனக்கு வேற தொழில் தெரியாது."

கோபம் எங்கோ போய்விட்டது. அவன் வாயில் 'அக்கா' வந்துவிட்டது.

"சொல்லலன்னா அந்தம்மா என்ன பண்ணுவாங்க?"

"சத்தமில்லாம அந்தக் கட்டணத்தைக் குறைச்சு எழுதிடேன். வேற ஏதாவது காரணம் காட்டு."

"காரணம் இல்லாம ஒரு எண்ணை மாத்தினா நான் சொல்ற வேற எதையும் யாரும் நம்ப மாட்டாங்க. கம்பிச் செலவு நெஜம்டா. மாடி இல்லாதவங்க சுமக்கறதும் நெஜம். அதுவும் சேர்ந்து விழுந்துடும்."

"தெரியும். ராத்திரி எங்கிருந்து எடுக்கறோம்னு எனக்குத் தெரியாதா?" என்றான் அவன், பேனலைப் பார்த்தபடி. "இதை நான் வெளியில சொன்னா நாளைக்கு ஒருத்தனும் பேனல் வைக்க மாட்டான்."

அக்கா போவதற்கு எழுந்தாள்.

"என்னை மட்டும் இழுக்காத" என்றான் அவன். "உன் தம்பின்னு உன் ஆபீஸ்ல யாருக்கும் தெரியாதுல்ல. அப்படியே இருக்கட்டும்."

தெரியாதுதான். தொழில் தொடங்கியபோது அவனே கேட்டுக்கொண்டது. அக்கா தயவில் வேலை கிடைக்கிறது என்று யாரும் பேசிவிடக் கூடாதாம். அப்போது அவளுக்கு அது பெருமையாக இருந்தது.

"தப்பு என்னோடதுன்னு மட்டும் சொல்றேன்" என்றாள் அக்கா. "நீ முதல்ல என்னை இறக்கி விடு. ஏறிட்டேன், இறங்கத் தெரியல."

அவன் ஏணியை அழுத்திப் பிடித்துக்கொண்டான். அவள் இறங்கினாள்.

ஆபீஸில் பிரிவுத் தலைவர் விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்து மறுபடியும் துடைத்தார்.

"இன்னிக்கு நிறைவேத்திடுவோம்மா. அடுத்த வருஷம் திருத்தம் கொண்டு வரலாம். சபையில நின்னு நாமளே நம்ம தலையில மண்ணை வாரிப் போட்டுக்கணுமா?"

"அடுத்த வருஷம் வரைக்கும் அந்த வீடுங்க கட்டணுமே சார்."

"நீ சொன்னா நீதான் பதில் சொல்லணும். நான் உன் பின்னால நிக்க முடியாது."

"முன்னாலயும் நிக்க வேண்டாம் சார்" என்றாள் அக்கா. அவள் வாயிலிருந்து இப்படி ஒரு பதில் வரும் என்று அவருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

மண்டபம் நிறைந்திருந்தது. மேசைக்குப் பின்னால் ஆணையத்தின் தலைவரும் இரண்டு உறுப்பினர்களும். தலைவருக்குத் தொண்டை கட்டு. ஒரு மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டே இருந்தார். கீழே தம்பியும் அவனுடைய வாடிக்கையாளர்களும் ஒரு கும்பலாக உட்கார்ந்திருந்தார்கள். தையல்காரம்மா அவனுக்குப் பக்கத்தில். கதவோரம் கணவர் மாவுக் கையோடு நின்றார்.

அக்கா மைக்கைப் பிடித்தாள். கம்பிச் செலவைப் பற்றிச் சொன்னாள். மாடி உள்ளவர்கள், இல்லாதவர்கள் பற்றிச் சொன்னாள். சபை முணுமுணுத்தது. பிறகு காகிதத்தைக் கீழே வைத்தாள்.

"இந்த வரைவுல ஒரு தப்பு இருக்குங்க. லோடு அதிகமா இருக்கற வீடு, அதிகமாச் செலவழிக்கற வீடுன்னு எடுத்துக்கிட்டேன். சோலார் வச்ச வீடுகளுக்கு அது பொருந்தாது. நான் நேர்ல போய்ப் பார்த்திருக்கணும். பார்க்கல. நிலைக்கட்டணத்தை லோடை வச்சுப் போடாம, சாயங்காலம் மீட்டர்ல உண்மையா எவ்வளவு இழுக்கறாங்களோ அதை வச்சுப் போடணும். திருத்தி எழுத அனுமதி கேக்கறேன்."

பிரிவுத் தலைவர் மறுபடியும் கண்ணாடியைக் கழற்றினார்.

ஆணையத் தலைவர் மிட்டாயை மாற்றினார். "அதிகம் செலவழிக்காத வீடு லோடை எதுக்கு ஏத்துது? ஏத்தின வீட்டுலயெல்லாம் ஏசின்னு உங்க வரைவுலயே இருக்கே."

"அந்தத் தகவல் சரியில்லைங்க."

"ஏன் சரியில்லை?"

அக்கா கம்பியைப் பற்றி எத்தனை கேள்வி கேட்டாலும் பதில் சொல்வாள். இந்தக் கேள்விக்குக் கீழே வைத்த காகிதத்தை எடுத்துப் புரட்டினாள். தம்பி தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் தையல்காரம்மா எழுந்தார். கெட்ட எண்ணம் துளியும் இல்லை அவருக்கு. தெரிந்த விஷயத்தைச் சொல்லி உதவலாம் என்று எழுந்தார்.

"நான் சொல்றேங்க. அந்தப் பொண்ணு காலையில எங்க வீட்டுக்கு வந்துச்சு. அளவுகூட எடுத்தேன். எங்க வீட்ல ஏசி கிடையாது. லோடு ஏத்தினது, எழுதினது எல்லாம் எங்க ஏணித் தம்பிதான். எங்களுக்கு ஒரு அலைச்சல் வைக்கல. தெருவுக்கே அவர்தான் செஞ்சு குடுத்தார். நல்ல மனுஷன்."

புகழ்ந்து முடித்துவிட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்த நல்ல மனுஷனுக்கு முகத்தில் ரத்தமே இல்லை.

"ஏணியா?" என்றார் தலைவர். "தெருவுக்கே பொய்த் தகவல் பதிஞ்சிருக்காரா? யார் அவர்?" அக்காவைப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியுமா அவரை?"

தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கொடுத்த வாக்கும் நிற்கும். தம்பி நிமிர்ந்து அவளையே பார்த்தான். வேண்டாம் என்று லேசாகத் தலையசைத்தான். தப்பைத் தப்பு என்று சொல்லத்தான் அவள் இங்கே வந்து நிற்கிறாள். இந்த வாயால் இந்த மைக்கில் எப்படி ஒரு பொய் சொல்வது?

"தெரியும்" என்றாள். "என் கூடப் பிறந்த தம்பி."

மண்டபம் கொஞ்ச நேரம் சந்தைக்கடை ஆனது. தலைவர் மேசையைத் தட்டினார்.

"இந்த உறவை உங்க நிறுவனத்துல சொல்லியிருக்கீங்களா?"

"இல்லைங்க."

"அப்படின்னா இந்த வரைவைப் பத்தி இனிமே இங்க நீங்க பேச முடியாது. கீழ போய் உக்காருங்க."

அக்கா மைக்கை விட்டு நகர்ந்தாள். இரண்டு வருஷ வேலை. அவள் கட்டிய கணக்கில் எது தப்பு, எது சரி என்று பிரித்துச் சொல்ல அந்த மேடையில் இப்போது யாரும் இல்லை. பிரிவுத் தலைவர் கூரையைப் பார்த்தார். மொத்த வரைவையும் குப்பையில் போடச் சொல்லிக் கூட்டத்தில் யாரோ குரல் கொடுத்தார்கள். கதவோரம் இருந்த கணவர், தன் அடுப்பைப் பற்றி அல்ல, அவளைப் பற்றிக் கவலைப்பட்டு இரண்டு அடி முன்னால் வந்தார்.

"நான் பேசலாமா?"

தம்பி எழுந்து நின்றான். மைக் வரைக்கும் நடந்து வந்தான். அக்காவைத் தாண்டும்போது அவளைப் பார்க்கவில்லை.

"ஏணி நான்தாங்க. ஏசின்னு போட்டது நான்தான். ஒரு வீட்லயும் ஏசி கிடையாது. வீட்டுக்காரங்களுக்கு அது தெரியவும் தெரியாது. அதுக்கு என்ன தண்டனையோ குடுங்க." மைக்கைக் கிட்டே இழுத்தான். "ஆனா மொத்தத்தையும் தூக்கிப் போடாதீங்க. லோடு கணக்குதான் தப்பு. கம்பிக்குக் காசு குடுக்கணும்கறது தப்பில்ல. பகல்ல நாம அனுப்பறோம், எல்லாரும் ஒரே நேரத்துல அனுப்பறோம், அப்போ வாங்க ஆள் இல்ல. ராத்திரி அதே கம்பியில இழுக்கறோம். நாம கட்டாததை மாடி இல்லாதவங்க கட்டறாங்க. இதை மாட்டறவன் நான். எனக்குத் தெரியும்."

எதிர்ப்பவர்கள் பட்டியலில் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தவன் பேசுகிற பேச்சா இது என்று கும்பல் திகைத்தது. அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தையல்காரம்மா மெதுவாக எழுந்தார். இந்தத் தடவை யாருக்கும் உதவ எழுந்த மாதிரி இல்லை.

"தம்பி, அப்போ பேனல் வச்சா பில்லே வராதுன்னு என் வீட்ல உக்காந்து சொன்னியே?"

தம்பி மைக்கிலிருந்து திரும்பி அவரைப் பார்த்தான். ஆணையத்துக்குப் பதில் சொன்ன குரல் அவனிடம் இப்போது இல்லை.

"இந்தக் கட்டண விதி ஒரு நாள் மாறும்னு எனக்கு அப்பவே தெரியும்மா" என்றான். "சொன்னா வாங்க மாட்டீங்கன்னு சொல்லல. ஏசி சின்னப் பொய். பில்லே வராதுன்னதுதான் பெரிய பொய்."